அண்ணாச்சி பதில்கள்: வாரத்துக்கு ஒரு நாள், ஒரே இடம்

போன இதழில் ஆலங்குளம் வாசகர் ஒருவர், "பாட்டு, நடனம், ஓவியமெல்லாம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு எட்டாக்கனிதானா?" என்று கேட்டிருந்தார். நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அது போதாது என்று மேசை நிறையக் கடிதம் வந்துவிட்டது, சிலர் கோபமாகவே எழுதியிருந்தார்கள். கோபம் நியாயமானதுதான். அதனால் இந்த மாதம் மற்ற கேள்விகளையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணாச்சி, நான் பீடி சுற்றுகிறேன். மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். டிவியில் ஒரு பாட்டை ரெண்டு தடவை கேட்டால் அப்படியே பாடிவிடுவாள். எங்கள் ஊரில் பாட்டு டீச்சர் யாரும் இல்லை. திருநெல்வேலிக்கு அனுப்ப பஸ் காசுக்கும் ஃபீஸுக்கும் எங்கே போக? வீட்டுக்காரர் "நமக்கு எதுக்கு இதெல்லாம்" என்கிறார். என்ன செய்யட்டும்?
*- வாசகி, முக்கூடல்*

தங்கச்சி, முதலில் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. ஆயிரம் பீடிக்கு என்ன கூலி என்று தெரிந்த மனுஷன் அப்படித்தான் கேட்பார், அவர் மேல் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவரிடம் ஒன்று கேளுங்கள். உங்கள் தெருவில் நாலு பேர் திண்ணையில் உட்கார்ந்து, சுளவை மடியில் வைத்து, இலை வெட்டித் தூள் வைத்துச் சுருட்டுகிறபோது ஒரு முணுமுணுப்புப் பாட்டாவது இல்லாமல் ஒரு பொழுது போயிருக்கிறதா? அவரைத் தூங்க வைத்த தாலாட்டு யாருடையது? சாவு வீட்டில் தலைவிரித்து உட்கார்ந்து, செத்தவருடைய ஆயுசு முழுக்க ஒப்பாரியில் வரிசையாகச் சொல்லி அழுகிற ஆச்சிக்கு யார் சொல்லிக்கொடுத்தது? பாட்டு நம்ம வீட்டில்தான் இருக்கிறது. பிள்ளைக்கு இல்லாதது, முறையாகச் சொல்லித்தர ஒரு ஆள்.

சரி, அந்த ஆள் எங்கே? அரசாங்கம் நடத்துகிற ஜவகர் சிறுவர் மன்றம் திருநெல்வேலியில் இருக்கிறது, 5 வயதிலிருந்து 16 வயது வரை சேர்க்கிறார்கள். குரலிசை, பரதம், ஓவியம் மாதிரி வகுப்புகள் பள்ளிக்கூடம் இல்லாத நேரத்தில் நடக்கும், கட்டணம் பெரிதாக இருக்காது. மாவட்ட அரசு இசைப் பள்ளியும் அங்கே உண்டு. அது மூன்று வருடப் படிப்பு, 12 வயதிலிருந்து 25 வயது வரை. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பிரிவு. ஆனால் அது பகல் பள்ளிக்கூடம், உங்கள் மகள் பள்ளிப் படிப்பை முடித்த பிறகு யோசிக்க வேண்டியது. இப்போதைக்கு முதலாவதைப் பாருங்கள்.

பஸ்ஸுக்கு ஒரு வழி. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. நீங்களும் மகளும் போய்வர அந்த மாதிரி வண்டி எது, எத்தனை மணிக்கு என்று டைம் கீப்பரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பிரஸில் ஏறினால் காசுதான்.

இத்தனையும் சொன்ன பிறகும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றுகிறவனாகிவிடுவேன். நீங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு போய் வந்தால் அன்றைக்குப் பீடிக் கட்டு பாதியாகக் குறையும். பஸ் இலவசம், உங்கள் அரை நாள் இலவசமில்லை. அதனால்தான் வாத்தியாரை ஊருக்கு வரவழைப்பதே மேல் என்று சொல்கிறேன்.

சேரன்மகாதேவி பக்கம் ஒரு ஊரில் அப்படி ஒரு வகுப்பை நானே உட்கார்ந்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய சத்துணவுக் கூடம், சிமெண்டுத் தரையில் பாய் விரித்து பதினோரு பிள்ளைகள். சொல்லித்தருகிறவர் கோயில்களில் நாயனம் வாசித்து ஓய்ந்தவர், பல் ரெண்டு போய்விட்டது, வாசிக்க முடியவில்லை, ஆனால் பாட முடிகிறது. சுருதிக்கு செல்போனைத் தம்ளருக்குள் நிறுத்தி வைத்திருந்தார். ஒரு பிள்ளை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே சரளி வரிசை பாடியது, தம்பி அழுதால் ஸ்வரத்தை விடாமலே ஆட்டிக்கொண்டது. ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று போட்டு மாதம் ஒரு தொகையும் அன்றைக்கு மதியச் சாப்பாடும் அவருக்கு. மூன்று வருடமாக ஒரு ஞாயிறு தவறவில்லையாம். அந்த வட்டாரத்தில்தான் நாதசுர வித்வான் காருகுறிச்சி அருணாசலம் (1921-1964) பிறந்தார். டி.என். ராஜரத்தினம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்து கற்றுக்கொள்ள அவருக்கு வாய்த்தது. வாய்க்காமல் போன பிள்ளைகள் எத்தனை பேர் என்று யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

உங்கள் தெருவில் இன்னும் ஐந்து பிள்ளைகளைப் பிடியுங்கள், ஆறு வீடு சேர்ந்தால் ஒரு வாத்தியாரைக் கூப்பிடலாம். பக்கத்துக் கோயிலில் ஓதுவார், நாயனக்காரர், சர்ச்சில் ஆர்மோனியம் வாசிக்கிறவர், யாராயிருந்தாலும் சரி. வாரத்துக்கு ஒரு நாள், ஒரே இடம், ஒரே வாத்தியார். இந்த மூன்றும் அமைந்துவிட்டால் மற்றது பின்னால் வரும்.

எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் முன்பெல்லாம் விடிய விடிய வில்லுப்பாட்டு நடக்குமாம். இப்போது முதல் நாள் ஆர்கெஸ்ட்ரா, இரண்டாம் நாள் டிஜே, நடுவில் ரெண்டு மணி நேரம் பேருக்கு வில்லு. என் வயசுப் பையன்கள் யாரும் உட்காருவதில்லை, எனக்கே கதை புரிவதில்லை. இதை மாற்ற முடியுமா?
*- வாசகர் (வயது 22), நாங்குநேரி அருகே*

தம்பி, புரியவில்லை என்று தயங்காமல் எழுதியிருக்கிறாய், அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். ஒரு ராத்திரி முழுக்க விரிய வேண்டிய கதையை ரெண்டு மணி நேரத்தில் அடைத்தால் யாருக்குப் புரியும்? காப்புப் பாடி, குருவை வணங்கி, அவையடக்கம் சொல்லி, நாட்டு வளம் பாடி, அதற்கப்புறம்தான் தலைமைப் பாட்டுக்காரரான அண்ணாவி கதைக்குள் நுழைவார். மாடன் பிறப்பு ஒரு பக்கம், மலையாளக் கரை போனது ஒரு பக்கம் என்று கதை நடந்து நடந்து, நடுராத்திரிச் சாமக் கொடை நேரத்துக்குச் சரியாக உச்சத்துக்கு வரும். பாட்டு உச்சத்துக்கு வருகிறபோதுதான் சாமியாடிக்கு உடம்பு நடுங்க ஆரம்பிக்கும். இப்போது ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு முடி என்றால், அண்ணாவி வளத்தை வெட்டி, பிறப்பை வெட்டி, நேரே சாமியை வரவழைக்கிற வரத்துப் பாட்டுக்குப் போகிறார். நீ பார்த்தது கதையின் வால்.

எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது அம்மாவின் மடியில் தலைவைத்து, தரையில் ஒரு காதை அழுத்திப் படுத்துக் கேட்டிருக்கிறேன். குடத்தின் வாயில் தட்டி விழுகிற 'கும்' சத்தம் மண்ணுக்குள்ளிருந்து வருவது போலவே இருக்கும். வீசுகோல் பட்டு வில்மணி குலுங்குவது மேலே, குடம் கீழே, நடுவில் உடுக்கு. பாதியில் தூங்கிப்போவேன், அம்மா எழுப்பி, "ஏலே, எந்திரி, மாடன் கோட்டைக்குள்ள போயிட்டாரு" என்பாள். மறுபடி கேட்பேன். அந்த மாதிரி தூங்கித் தூங்கி எழுந்தே கதை முழுக்க மனசில் ஏறிவிட்டது. உன் தலைமுறைக்கு அந்தத் தூக்கத்துக்கும் இடம் கொடுக்காமல் போய்விட்டோம்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. டிஜேக்காரன் போடுகிற சத்தத்துக்காக வந்த புகாரில் வில்லுப்பாட்டு மைக்கும் சேர்ந்து அணைகிறது. என் யோசனை: கோயிலுக்கு வரி கொடுக்கிற வரிதாரர் கூட்டத்தில் நீங்கள் நாலு பையன்கள் எழுந்து ரெண்டு கோரிக்கை வையுங்கள். ஒன்று, வில்லை சாயங்காலம் ஐந்து மணிக்கே ஆரம்பிக்கட்டும், மதியக் கொடையிலும் ஒரு அமர்வு இருக்கட்டும். இன்னொன்று, பத்து மணிக்குப் பிறகு ஸ்பீக்கர் பெட்டி வேண்டாம், மைக் வேண்டாம், கோயில் முற்றத்தில் ஜனங்கள் நெருங்கி உட்காரட்டும். மைக் இல்லாத காலத்தில் உண்டான கலை அது, ஐம்பது பேர் நெருங்கி உட்கார்ந்தால் குடத்துக்கு ஒரு பெட்டியும் தேவையில்லை.

அண்ணாவிக்குப் பேசுகிற தொகையையும் கவனியுங்கள். ஆர்கெஸ்ட்ராவுக்கு அட்வான்ஸை முன்கூட்டியே கொண்டுபோய்க் கொடுக்கிற கமிட்டி, வில்லுக்காரர்களிடம் விடியற்காலையில் பேரம் பேசுகிறதைப் பல ஊரில் பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது. ஐந்தாறு பேர் கொண்ட குழு, வேன் வாடகை, மறுநாள் வேலைக்குப் போக முடியாத உடம்பு. இதெல்லாம் கணக்கில் வர வேண்டும்.

அப்புறம், பையன்கள் பின்பாட்டில் உட்காரலாம். ஜால்ராவும் கட்டையும் பிடிக்க ஆள் இல்லை என்று அண்ணாவிகளே சொல்கிறார்கள். பெண்பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஆண்கள் மட்டுமே பாடுவது என்று நினைக்காதே. குமரி மாவட்டத்துப் பூங்கனி அம்மா முதன்மைப் பாடகியாக வீசுகோல் பிடித்துப் பாடினவர், 2018-ல் காலமானார். நம்ம சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் வில்லைச் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் கொண்டுபோனார், 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், அடுத்த வருடம் மறைந்தார். இன்னொன்று, உன் ஊருக்குப் பக்கத்து நாங்குநேரியில்தான் நா. வானமாமலை 1917-ல் பிறந்தார். நம்ம பக்கத்துக் கதைப்பாடல்களைத் தேடித் திரட்டி, படித்தவர்கள் மதிக்கும்படி அச்சில் ஏற்றியவர். அவர் ஏட்டையும் பாடகர்களையும் தேடி அலைந்த காலத்தில் செல்போன் கிடையாது. உன் கையில் இருக்கிறது. அண்ணாவியிடம் அனுமதி கேட்டு, ஒரு முழுக் கதையை, வெட்டாமல், பதிவு பண்ணி வை.

அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கலைத் திருவிழாப் போட்டி வந்தால் பிள்ளைகள் யூடியூபைப் பார்த்து ஆடுகிறார்கள். ஓவியத்துக்கோ இசைக்கோ எங்களிடம் ஆசிரியர் இல்லை. பரிசு வருகிறது, ஆனால் கற்றுக்கொடுத்தோம் என்கிற திருப்தி இல்லை.
*- பெயர் வேண்டாம், ராதாபுரம் வட்டாரம்*

டீச்சர், 2022-23 கல்வியாண்டில் கலைத் திருவிழா தொடங்கியது நல்ல காரியம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மேடை என்றாலே நடுங்கின பிள்ளைகள் மாவட்ட அளவுக்குப் போய்ப் பறை அடிக்கிறார்கள். ஆனால் போட்டி ஒரு வாரம், வருடத்தில் மற்ற நாளெல்லாம்? 2012-ல் ஓவியம், உடற்பயிற்சி, தொழிற்கல்வி என்று 16 ஆயிரத்துக்கும் மேலான பகுதிநேர ஆசிரியர்களைத் தமிழ்நாடு முழுக்க நியமித்தார்கள், வாரத்துக்கு மூன்று அரை நாள். அந்த இடம் பல பள்ளியில் காலியாகி, காலியாகவே கிடக்கிறது. உங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு மேலே அனுப்புங்கள், ஒரு தடவையோடு விட வேண்டாம்.

அதுவரை ஊரையே பாருங்கள். கோலத்தில் புள்ளிக் கணக்கு தவறாத ஒரு அம்மா, கோயில் சுவரில் சாமி படம் எழுதுகிற பெயிண்டர், கம்பு தட்டி ஆடுகிற களியல் அடித்துப் பழகின பெரியவர், இவர்களில் ஒருவரை வெள்ளிக்கிழமை கடைசி பீரியடுக்கு அழையுங்கள். அவர் முன்னால் உட்கார்ந்த பிள்ளைக்கு, தப்பாகக் கம்பு வீசினால் கையைப் பிடித்துத் திருத்த ஒரு ஆள் கிடைப்பார். யூடியூப் கையைப் பிடிக்காது.

நான் வேறு சாதி. பாளையங்கோட்டையில் படிக்கிறேன். கணியான் கூத்தில் மகுடம் என்கிற தோல்கருவியை அடிப்பதைக் கேட்டதிலிருந்து கற்றுக்கொள்ள ஆசை. கேட்டால் தப்பாகுமா?
*- மாணவர்*

ஆசை தப்பாகாது தம்பி, கேட்கிற விதத்தில் இருக்கிறது. அண்ணாவி நின்று பாட, பெண் வேடம் கட்டின ரெண்டு ஆண்கள் ஆட, உச்சம் ஒன்று மந்தம் ஒன்றாக ரெண்டு மகுடம் பேசிக்கொள்ளும். தோல் தளர்ந்தால் நெருப்பில் காட்டிச் சூடேற்றுவதைப் பார்த்திருப்பாய். அது சாமிக்குச் செய்கிற கடமையாக, கணியான் சமூகம் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவருவது. அரசுப் பட்டியலில் பழங்குடியினராக இருக்கிற சின்னச் சமூகம் அது. கொடையன்று சாமியே இறங்கிவர அவர்கள் பாட வேண்டும், மறுநாள் அதே ஊர்க்காரர்கள் அவர்களுக்குத் திண்ணையில் உட்கார இடம் கொடுக்க யோசிப்பார்கள். இதைத் தெரிந்துகொண்டு போ.

போனால் மாணவனாகப் போ. தட்சிணை கொடு, சொல்கிற நேரத்துக்குப் போ, எது கோயிலில் மட்டும் அடிக்கிற அடி, எதை வெளியே அடிக்கலாம் என்று அவர் சொல்வதைக் கேள். ரெண்டு மாதத்தில் கற்றுக்கொண்டு கல்லூரி விழாவில் உன் பெயரைப் போட்டுக்கொள்ளாதே, அந்த மேடைக்கு முதலில் அண்ணாவியையே கூப்பிடச் சொல். உங்கள் பாளையங்கோட்டையிலேயே தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறை இருக்கிறது. யாரை எப்படி அணுகலாம் என்று அங்கே விசாரித்துப் பார்.

எங்கள் ஊரில் கலையரங்கம் கட்டிப் பத்து வருடம் ஆகிறது. இப்போது அதில் நெல்மூட்டையும் பழைய பந்தல் கம்பும்தான் கிடக்கின்றன.
*- வாசகர், களக்காடு பக்கம்*

கிராம சபையில் எழுப்புங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கூட்டம். "கலையரங்கத்தைச் சுத்தம் செய்ய வேண்டும்" என்று மட்டும் கேட்டால் ஒரு நாள் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போய்விடுவார்கள். சனிக்கிழமை மாலை 4 முதல் 6 வரை பிள்ளைகள் வகுப்புக்கு என்று நாளும் நேரமும் போட்டு, விளக்கு எரியவும் பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை திறந்திருக்கவும் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். கழிப்பறை இல்லாததால் பத்து வயதோடு வகுப்பை விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

நான் நையாண்டி மேளத்தில் 40 வருடம் தவில் வாசித்தவன். இப்போது கூப்பிடுவார் இல்லை. உதவித்தொகை ஏதும் உண்டா?
*- பெரியவர், அம்பாசமுத்திரம்*

ஐயா, உங்களை மாதிரி ஆளை நோக்கித்தான் மேலே அந்த முக்கூடல் தங்கச்சியைத் திருப்பிவிட்டிருக்கிறேன். உதவி உண்டு. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு என்று நல வாரியம் 2007-லிருந்து இருக்கிறது. உறுப்பினர் அட்டை இல்லையென்றால் அதை முதலில் எடுங்கள், பிள்ளைகள் படிப்பு, திருமணம், விபத்து என்று உதவிகள் அதன் வழியாக வருகின்றன. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தில் நலிந்த கலைஞர்களுக்கு மாத உதவித்தொகையும் இருக்கிறது. மாவட்டக் கலை மன்றம் வருடா வருடம் விருது கொடுக்கிறது, 51 வயதிலிருந்து 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. விண்ணப்பத்தோடு நீங்கள் வாசித்த கொடை நோட்டீஸ், பழைய போட்டோ எல்லாம் கேட்பார்கள், எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எழுத சிரமமாக இருந்தால் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் யாரையாவது உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள். அதோடு ஒரு வேண்டுகோள், சனி ஞாயிறில் ரெண்டு பிள்ளைகளை எதிரில் உட்கார வைத்துத் தட்டச் சொல்லிக்கொடுங்கள். சும்மா வேண்டாம், ஊரார் கொடுக்கிறதை வாங்கிக்கொண்டே.

செலவில்லாமல் பிள்ளைகளுக்குக் கலையைக் காட்ட எங்கே கூட்டிப்போகலாம்?
*- வாசகி, மூலைக்கரைப்பட்டி*

திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில். ஆள் உயரச் சிலைகள், ஒற்றைக் கல், விரல் நகம் வரை தெரியும். ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, ஒரே ஒரு சிலையை மட்டும் ஒரு மணி நேரம் பார்த்து வரையச் சொல்லுங்கள். கார்த்திகை மாதம் கைசிக ஏகாதசி ராத்திரி திருக்குறுங்குடிக்குப் போங்கள். நம்பாடுவான் கதையைக் கோயிலுக்குள்ளேயே நாடகமாக நடிப்பார்கள். விட்டுப்போயிருந்த அந்த நாடகத்தை 1999-ல் நடனக் கலைஞர் அனிதா ரத்னமும் நாடகப் பேராசிரியர் சே. ராமானுஜமும் முன்னின்று மீட்டார்கள். தாழ்ந்த குலத்துப் பாணன் ஒருவன் பண்ணிசைத்து, தன்னைத் தின்ன வந்த பிரம்மராட்சசனுக்கே விடுதலை வாங்கிக் கொடுக்கிற கதை. திரும்ப ராத்திரி பஸ் இருக்காது, நாலைந்து வீடு சேர்ந்து வேன் பேசிக்கொண்டு போங்கள், போர்வை மறக்க வேண்டாம்.

இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் கிராமத்தில் வகுப்பு எடுக்கிறவர்கள் இருந்தால், அஞ்சலட்டையில் ஊர், நாள், நேரம், எந்தக் கலை என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். எந்தத் தாலுகாவாக இருந்தாலும் சரி, அடுத்த இதழில் பட்டியலாகப் போடுகிறேன். முக்கூடல் பக்கம் யாராவது இருந்தால் முதலில் எழுதுங்கள்.